ஜேஇஇ எத்தனை தடவ எழுதலாம்? எண்ண ஆரம்பிக்கறது எந்த நாள்லேர்ந்து?

கேள்வி, 2024 நவம்பர் 6, காலை

ஐஐடில சேர எழுதற ஜேஇஇ அட்வான்ஸ்டு மூணு தடவ எழுதலாம்னு நேத்து அறிவிப்பு வந்திருக்காமே, நெசமா? என் பொண்ணு 2023ல +2. அந்த வருஷமும் எழுதுனா, ஒரு வருஷம் வீட்ல இருந்து படிச்சு 2024லயும் எழுதுனா, ரேங்க் வரல. இப்ப ஈரோடு பக்கம் ஒரு காலேஜ்ல முதல் வருஷம். நிறுத்திட்டு திரும்ப உக்காரவான்னு கேக்குறா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2024 நவம்பர் 6, மதியம்

நெசந்தான் அண்ணா. இந்த வாட்டி தேர்வ நடத்துறது ஐஐடி கான்பூர், அவங்க சைட்லயே போட்டிருக்காங்க. இதுவரைக்கும் ரெண்டு தடவ, அதுவும் அடுத்தடுத்த ரெண்டு வருஷம். இப்ப மூணு. 2023, 2024, 2025 இதுல ஏதாவது ஒரு வருஷத்துல முதல்முறையா +2 எழுதியிருந்தா 2025 அட்வான்ஸ்டுக்கு தகுதி. உங்க பொண்ணு உள்ள வந்துட்டா. வயசு பாத்தீங்கன்னா 2000 அக்டோபர் 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்திருக்கணும், எஸ்சி எஸ்டி மாற்றுத்திறனாளிக்கு அஞ்சு வருஷம் தளர்வு, அதெல்லாம் அவளுக்கு பிரச்சனையே இல்ல.

நான் துறையூர்ல ப்ரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், பதினாலு வருஷமா பசங்களுக்கு ஃபார்ம் போட்டுட்டு இருக்கேன், காலைல இத பாத்ததும் எனக்கே ஒரு சந்தோஷம். ஜேஇஇ மெயின் தேறுனாதான் அட்வான்ஸ்டு எழுத முடியும், அந்த மெயினுக்கு ஃபார்ம் அக்டோபர் 28லேர்ந்து ஓடிட்டு இருக்கு, நவம்பர் 22 கடைசி, மொதல்ல அத போட்ருங்க.

2024 நவம்பர் 6, ராத்திரி

மதியம் எழுதுனதுல ஒண்ணு சரியா பிரிச்சு சொல்லல. ஒருத்தர் "அப்ப மெயினும் அதே கணக்கா"ன்னு கேட்டிருக்காரு. இல்ல, ரெண்டும் வேற.

மெயின்ல பாக்குறது +2 பாஸ் பண்ண வருஷம். 2025 மெயினுக்கு 2023, 2024ல பாஸ் பண்ணவங்க, 2025ல எழுதப் போறவங்க. வருஷத்துக்கு ஜனவரி, ஏப்ரல்னு ரெண்டு வாட்டி, ஆக மூணு வருஷத்துல ஆறு. வயசு வரம்பே கிடையாது. அட்வான்ஸ்ட்ல பாக்குறது +2 தேர்வ *முதல்முறையா எழுதின* வருஷம். பாஸா ஃபெயிலாங்கறது இல்ல, ஹால்ல போய் உக்காந்த வருஷம். மார்ச்ல ஃபெயிலாகி அடுத்த வருஷம் தேர்ன பையனுக்கு மெயின் கணக்கு புதுசா ஆரம்பிக்கும், அட்வான்ஸ்ட் கணக்கு பழைய மார்ச்லேர்ந்தே ஓடிட்டு இருக்கும். இத நானே ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் கவனிக்கல.

2024 நவம்பர் 9

"மூணு தடவைன்னா யாருக்கு லாபம், எல்லாம் கோச்சிங் சென்டர் வேலை"ன்னு ஒருத்தர் கோவமா போட்டிருக்காரு. அவருக்கு ஒரு பையன பத்தி சொல்றேன், பேரு வேணாம்.

நம்ம ஊர் பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவன், அப்பா லோடுமேன். 2022 டிசம்பர்ல மெயின் ஃபார்ம் போட கடைக்கு வந்தான், யாரோ ஒரு சார் சொல்லி அனுப்பியிருக்காரு. பேரு, ஆதார், போட்டோ எல்லாம் ஏத்தியாச்சு. பத்தாவது மார்க் கேட்டுச்சு. அவன் பத்தாவது முடிச்சது 2021, கொரோனா, தமிழ்நாட்டுல எல்லாரும் ஆல் பாஸ், சர்டிபிகேட்ல மார்க்கே கிடையாது, தேர்ச்சின்னு மட்டும் இருக்கும். அந்த பெட்டிய நிரப்பாம அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது. நான் ரெண்டு மூணு விதமா பண்ணி பாத்தேன், சைபர் போட்டா தப்பா போயிடுமோன்னு பயம். "நாளைக்கு வா தம்பி"ன்னு அனுப்பிட்டேன். அப்புறம் தமிழ்நாட்டு அரசு கேட்டு, நம்ம பசங்களுக்கு அந்த மார்க் வேணாம்னு விலக்கு வந்துச்சு. ஆனா அவன் வரல. ஸ்கூல்ல ரிவிஷன் டெஸ்ட், ப்ராக்டிகல்னு ஓடிட்டான், நானும் போன் பண்ணி கூப்பிடல. நம்பர் ஃபார்ம்லயே இருந்துச்சு.

2023 மே மாசம் ரிசல்ட் வந்து நல்ல மார்க். கவுன்சிலிங்ல கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுல சீட்டு, ஃபீஸ் அரசே கட்டிடும், காலேஜ்ல சேர்ந்துட்டான். முதல் வருஷம் ஹாஸ்டல்லதான் அவனுக்கு ஐஐடிக்கு எப்படி போறாங்கன்னே முழுசா தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள 2024 மெயின் ரெண்டு செஷனும் முடிஞ்சு போச்சு. ஆக 2023, 2024 ரெண்டு வாய்ப்பும் தீர்ந்துச்சு. எழுதுனது எத்தனை? ஒண்ணு கூட இல்ல. பேப்பர் எப்படி இருக்கும்னு கூட பாத்ததில்ல. இப்ப மூணாவது வருஷம்னு ஒண்ணு வந்தா அவனுக்கு அதுதான் முதல் தடவ.

நேத்து கடைக்கு வந்திருந்தான். "அக்கா, எனக்கும் பொருந்துமா"ன்னு கேட்டான். பொருந்தும்டான்னு ஸ்க்ரீன திருப்பி காட்டுனேன்.

2024 நவம்பர் 12

பழைய கத கேட்டவங்களுக்கு. முன்னாடியெல்லாம் ஐஐடி தேர்வுக்கு இந்த ரெண்டு தடவ கட்டுப்பாடு கிடையாது, நாலு அஞ்சு வாட்டி எழுதுனவங்க உண்டு. 2006, 2007 வாக்குலதான் கொண்டு வந்தாங்க, +2ல 60 சதவீதம் வேணுங்கறதும் அப்பதான். பசங்க வருஷக்கணக்கா கோச்சிங்லயே கெடக்கறத குறைக்கத்தான்னு காரணம் சொன்னாங்க. அது தப்பான காரணம்னு என்னால சொல்ல முடியல. எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் மூணு வருஷம் ஒரு ரூம்ல கெடந்தாரு, வெளிய வரும்போது மனுஷன்கிட்ட பேசவே மறந்து போயிருந்தாரு.

நான் +2 முடிச்சது 2004. நமக்கு அப்ப டிஎன்பிசிஇஇ, இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கு தமிழ்நாடு நடத்துன நுழைவுத்தேர்வு. நுழைவுத்தேர்வுக்கு 100, +2 மார்க்குக்கு 200, மொத்தம் 300. இம்ப்ரூவ்மெண்ட்னு ஒண்ணு இருந்துச்சு, மார்க் பத்தலன்னா அடுத்த வருஷம் அந்த பாடத்த திரும்ப எழுதலாம். டவுன் பசங்கதான் அத அதிகமா பண்ணாங்க, ஒரு வருஷம் சும்மா உக்கார வச்சு சோறு போட வீட்ல தெம்பு வேணுமில்ல. அப்புறம் 2006 சட்டம் வந்து 2007லேர்ந்து நுழைவுத்தேர்வே போச்சு, இப்ப கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, கட்-ஆஃப் 200, அவ்ளோதான்.

அதனால எத்தனை தடவ வேணாலும்னு விட்டாலும் காசு உள்ளவனுக்குதான் லாபம்னு, 9ஆம் தேதி கோவமா போட்டிருந்த சார் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ரெண்டுதான்னு நிறுத்துனாலும் அதே ஆளுக்குதான் ரெண்டும் முழுசா கிடைக்குது. இத இன்னும் யோசிக்கணும்.

2024 நவம்பர் 18, ராத்திரி

வாபஸ் வாங்கிட்டாங்க. 15ஆம் தேதி கூட்டத்துல முடிவு பண்ணாங்களாம், இன்னைக்கு வெளிய வந்திருக்கு. பழையபடி ரெண்டே தடவ. 2024லயோ 2025லயோ முதல்முறை +2 எழுதினவங்க மட்டும். 2023 கிடையாது.

மேல 6ஆம் தேதி நான் எழுதினத யாரும் நம்பி எதுவும் செஞ்சிடாதீங்க. ஈரோடு அண்ணா, பொண்ண நிறுத்திடாதீங்க.

2024 நவம்பர் 19

அந்த பையன் 13ஆம் தேதியே காலேஜ்ல எழுதி குடுத்துட்டான்.

காலைல வந்து ஜெராக்ஸ் எடுக்க குடுத்தான், அப்பதான் எனக்கே தெரியும். ரூல்டு பேப்பர்ல கைப்பட எழுதுன லெட்டர், "சொந்தக் காரணத்தால் படிப்பைத் தொடர இயலவில்லை", கீழ அப்பா கையெழுத்து நடுங்கி நடுங்கி, மேல ஓரத்துல ஊதா மையில வட்ட சீல், சீலுக்குள்ள யாரோ பேனாவால 13/11ன்னு போட்டிருக்காங்க. சர்டிபிகேட் திரும்ப கேட்டதுக்கு மீதி வருஷத்து ஃபீஸ கட்டிட்டு வாங்கிக்கோன்னு சொல்லியிருக்காங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட அப்படி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு காலேஜுங்கள கண்காணிக்கற யுஜிசியும் ஏஐசிடிஇயும் தெளிவா சொல்லியிருக்கு, அவனுக்கு அத பிரிண்ட் எடுத்து குடுத்தேன்.

ஸ்க்ரீன திருப்பி காட்டுனது நான்தான். ரெண்டு வாரம் பொறுடா, அறிவிப்ப முழுசா பாப்போம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல.

2024 நவம்பர் 21

மெயின் ஃபார்ம் அவனுக்கு நேத்து போட்டாச்சு. மெயினுக்கு 2023 பேட்ச் தகுதிதான், அதுல மாத்தமில்ல. எப்படியும் ஜனவரில எழுதட்டும். தமிழ்லயே கேள்வித்தாள் கேட்டிருக்கோம், 2021லேர்ந்து 13 மொழில வருது, ஆனா தமிழ் வேணும்னா தேர்வு மையம் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான்ல இருக்கணும். பெங்களூர்ல தங்கியிருக்கற பசங்க சென்டர் அங்க போட்டுட்டு தமிழ் பேப்பர தேடறது வருஷா வருஷம் நடக்குது. அட்வான்ஸ்ட் மட்டும் இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுலதான்.

2024 டிசம்பர் 3

75 சதவீதம் பத்தி நாலு பேர் கேட்டாச்சு. மெயின் எழுதறதுக்கு அது வேணாம். என்ஐடி (மத்திய அரசு இன்ஜினியரிங் காலேஜ்), ஐஐடில சீட்டு வாங்கறதுக்குதான் +2ல 75 சதவீதம், எஸ்சி எஸ்டி மாற்றுத்திறனாளிக்கு 65. இல்லன்னா அவங்கவங்க போர்டுல முதல் 20 பர்சன்டைல்ல இருந்தாலும் போதும். கொரோனா மூணு வருஷம் எடுத்து வச்சிருந்தாங்க, 2023லேர்ந்து திரும்ப வந்துடுச்சு. பர்சன்டேஜும் பர்சன்டைலும் ஒண்ணு இல்ல. மெயின் ரிசல்ட்ல 90 வந்தா 90 மார்க்னு அர்த்தம் கிடையாது, உங்க பின்னாடி நூத்துக்கு தொண்ணூறு பேர் இருக்காங்கன்னு அர்த்தம். அத மார்க்னு நெனச்சு ஒரு அம்மா ஸ்வீட் வாங்கிட்டு வந்துட்டாங்க, அவங்ககிட்ட விளக்கறதுக்குள்ள எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

2025 ஜனவரி 11

நேத்து சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்திருக்கு. நீதிபதி கவாய், நீதிபதி மசி அமர்வு. நவம்பர் 5க்கும் 18க்கும் இடைல அந்த அறிவிப்ப நம்பி காலேஜ விட்டவங்கள அட்வான்ஸ்டுக்கு பதிய விடணும்னு சொல்லியிருக்காங்க. வாபஸ் வாங்குனது தப்புன்னு சொல்லல, ரெண்டு தடவங்கறது அப்படியேதான் இருக்கு. நம்பி வெளிய வந்த பசங்களுக்கு மட்டும் வழி.

13/11. அந்த ஊதா சீல்.

உடனே போன் போட்டேன். அவங்கப்பா எடுத்தாரு, லோடு ஏத்திட்டு இருக்கற சத்தம் கேக்குது, "நல்லதா கெட்டதா சொல்லும்மா மொதல்ல"ன்னாரு.

ஈரோடு அண்ணா, உங்க பொண்ணு காலேஜ விடல, அதனால இதுல வரமாட்டா. கேக்க கஷ்டமாதான் இருக்கும். அவளுக்கு ரெண்டு தடவ முழுசா கிடைச்சு, ரெண்டுலயும் எழுதியிருக்கா, அத நெனச்சு தேத்துங்க. பின்னாடி எம்டெக் போகணும்னா 'கேட்'னு (GATE) ஒரு நுழைவுத்தேர்வு இருக்கு, அதுக்கு வயசும் கிடையாது, எத்தனை தடவங்கறதும் கிடையாது.

2025 பிப்ரவரி 16

இன்னைக்கு ஞாயிறு, கடைல ஆள் இல்ல. நவம்பர் 12 அன்னைக்கு யோசிக்கணும்னு விட்டத எழுதுறேன், நீளமா போகும்.

ரெண்டா மூணான்னு நாம அடிச்சுக்கறோம். நானும் மூணுதான் வேணும்னு ஆரம்பிச்சேன். இப்ப எனக்கு அந்த நம்பர் முக்கியமா தெரியல. எண்ண ஆரம்பிக்கற இடம்தான் தப்பா படுது. பேருதான் "தடவ", எண்றது வருஷத்த. நீ எழுதுனியா இல்லியான்னு யாரும் பாக்கறதில்ல, காச்சல்ல படுத்துக் கெடந்தாலும் சரி, ஃபார்ம் போட தெரியாம இருந்தாலும் சரி, +2 ஹால்ல முதல் நாள் உக்காந்தா கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். அது ஓடறது யாருக்கு தெரியும்? ஒன்பதாவதுலயே ஃபவுண்டேஷன் கோர்ஸ்ல சேர்ந்த பையனுக்கு தெரியும். எங்க கடைக்கு வர்ற பசங்களுக்கு?

போன வருஷத்து காலண்டர பாருங்க. 2024 ஜனவரி மெயினுக்கு ஃபார்ம் 2023 நவம்பர்ல. அப்ப இங்க பசங்க அரையாண்டுக்கு படிச்சுட்டு இருக்காங்க. +2 தேர்வு மார்ச் 1லேர்ந்து 22. மெயின் ரெண்டாவது செஷன் ஏப்ரல் முதல் வாரம், அதுக்கு ஃபார்ம் மார்ச் ஆரம்பத்துலயே மூடியாச்சு. +2 ரிசல்ட் மே 6. அன்னைக்குதான் "கணக்குல 98 வாங்கியிருக்கானே, ஐஐடிக்கு எழுதலாமே"ன்னு வாத்தியாரோ பக்கத்து வீட்டு அண்ணனோ சொல்றாங்க. ஆனா மார்ச்ல ஃபார்ம் மூடுனப்பவே அவனோட முதல் வாய்ப்பு போயிடுச்சு. மிச்சம் ஒண்ணு. அதுக்கும் வீட்ல ஒரு வருஷம் உக்காரணும், அட்வான்ஸ்டுக்கு ஃபீஸ் பொதுப்பிரிவு, ஓபிசி பையனுக்கு 3200 ரூபா, பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் பாதி. ஒரு வருஷம் வீட்ல உக்கார வைக்கற செலவுக்கு முன்னாடி இந்த ஃபீஸ் பெருசே இல்ல, அந்த ஒரு வருஷத்துல கம்பெனிக்கு போயிருந்தா மாசம் எவ்ளோ வந்திருக்கும்னு வீட்ல கணக்கு போடுவாங்க.

அதனால என் ஆசை இதான்: ரெண்டே இருக்கட்டும், ஆனா முதல்முறை பதிஞ்ச வருஷத்துலேர்ந்து எண்ணுங்க, மேல வயசுக்கு ஒரு வரம்பு வச்சிருக்கீங்கல்ல, அது போதும். "அப்படின்னா கோச்சிங்காரன் பதியாமலே நாலு வருஷம் படிக்க வச்சு பதிய வைப்பான்"னு மேல ஒரு தம்பி சொல்லியிருக்கான். ஆமா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ரெண்டு நாளா அதான் மண்டைல ஓடுது. +2 முடிச்சு இத்தன வருஷத்துக்குள்ளன்னு மூணோ நாலோ வச்சு, அதுக்குள்ள ரெண்டு தடவன்னு வச்சா ரெண்டு பக்கமும் கொஞ்சம் அடைபடும்னு தோணுது. அப்படி இருந்திருந்தா அந்த பையன் காலேஜுக்கு லெட்டரே எழுத வேண்டியிருந்திருக்காது.

2025 பிப்ரவரி 18

வேற விஷயம், ஆனா தகுதி சம்பந்தப்பட்டதுதான். விஜயவாடால கொண்டு போய் +1, +2 சேக்கறவங்க கவனிங்க. என்ஐடில பாதி சீட்டு சொந்த மாநிலத்துக்கு. சொந்த மாநிலம்னா ரேஷன் கார்டு இருக்கற ஊர் இல்ல, +2 எழுதின மாநிலம். ஆந்திரால +2 முடிச்ச நம்ம துறையூர் பையன் திருச்சி என்ஐடிக்கு வெளி மாநிலத்தான், சொந்த மாவட்டத்துலயே இருக்கற காலேஜ். அவங்கப்பா ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, பஞ்சாயத்து வீட்டு வரி ரசீது எல்லாம் கவர்ல போட்டு கொண்டு வந்து என் டேபிள்ல வச்சாரு.

இன்னொண்ணு, ஒரு தடவ ஐஐடி சீட்ட ஏத்துக்கிட்டு கடைசி ரவுண்டுக்கு முன்னாடி விலகாம விட்டுட்டா, அப்புறம் அட்வான்ஸ்ட் எழுதவே முடியாது. என்ஐடில சேர்ந்துட்டு எழுதலாம், அதுக்கு தடையில்ல.

2025 ஏப்ரல் 20

மெயின் ரிசல்ட் வந்தாச்சு. அட்வான்ஸ்டுக்கு கட்-ஆஃப் பொதுப்பிரிவு 93.10, ஓபிசி 79.43, எஸ்சி 61.15, எஸ்டி 47.90. காலேஜ்ல லெட்டர் குடுத்த நம்ம பையனுக்கு 81 சொச்சம், அவன் ஓபிசி. தேறிட்டான்!

உடனே அடுத்த ஓட்டம். நம்ம பிசி, எம்பிசி சாதி சான்றிதழ் இதுக்கு செல்லாது, மத்திய அரசு ஓபிசி சான்றிதழ் தனியா வேணும், அதுவும் இந்த வருஷம் ஏப்ரல் 1 அல்லது அதுக்கப்புறம் வாங்கினது. நவம்பர்ல வாங்கினத வச்சுக்கிட்டு இருந்தான். இ-சேவைல அன்னைக்கே போட்டோம். வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கான்னு பாக்கறதுல சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, இது தெரியாம நிறைய பேர் அப்ளை பண்ணாமலே விட்டுடறாங்க.

2025 மே 2

அவனுக்கு அட்வான்ஸ்டு பதிஞ்சாச்சு. இன்னைக்குதான் கடைசி நாள். அந்த லெட்டர நான் ஸ்கேன் பண்ணேன், மூணு வாட்டி. சீல் மங்கலா விழுந்துச்சு, 13ங்கறது 18 மாதிரி தெரியக் கூடாதேன்னு கலர்ல 300 டிபிஐ வச்சு எடுத்து பெருசு பண்ணி பாத்துட்டுதான் ஏத்துனேன். அவன் பக்கத்துல நின்னு மூச்சே விடல.

2025 ஜூன் 3

அவன் தகுதி பெறல. நேத்து அட்வான்ஸ்டு ரிசல்ட். ரெண்டு பேப்பரும் எழுதினவங்க 1,80,422 பேர், தேறினவங்க 54,378. இவன் அதுல இல்ல.

மேல நிறைய பேர் ஆறுதல் சொல்லியிருக்கீங்க, காட்டுனேன் அவன்கிட்ட. அழல. "பேப்பர பாத்துட்டேன்கா, கெமிஸ்ட்ரி முழுக்க என்னால போட முடிஞ்சிருக்கும், ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா"ன்னான். ஃபீஸ் தகராறுல காலேஜ் டிசி குடுக்காம இழுத்தது இப்ப ஒரு விதத்துல உதவியா போச்சு, ரோல்ல பேர் இன்னும் இருக்கு, மூணாவது செமஸ்டர்ல திரும்ப சேர்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் பின்னாடி போயிட்டான், கூட படிச்சவங்க மூணாவது வருஷத்துக்கு போயாச்சு.

ரீ-அட்மிஷன் ஃபார்ம் பிரிண்ட் எடுக்க நாளைக்கு வர்றேன்னிருக்கான்.

2025 ஜூன் 9

புதுசா கேட்ட அக்காவுக்கு: 2024 மார்ச்ல எழுதி ரெண்டு பாடம் போயி, 2025ல பாஸ்னு சொல்றீங்க. முதல்முறை எழுதினது 2024. அட்வான்ஸ்டுக்கு அவனோட ரெண்டு வருஷம் 2024, 2025. போன மாசத்தோட முடிஞ்சுது, அவன் ஒண்ணும் எழுதலன்னாலும். இதுக்கு மேல அதுல வழி இல்லக்கா.

மெயின் இருக்கு. பாஸ் பண்ணது 2025ங்கறதால 2026, 2027 ரெண்டு வருஷமும் எழுதலாம், நாலு செஷன், என்ஐடி, டிரிபிள் ஐடி எல்லாம் அதுலதான். போன தடவ ஃபார்ம் அக்டோபர் 28ல திறந்தாங்க. பத்தாவது சர்டிபிகேட்ல இருக்கற பேரும் ஆதார்ல இருக்கற பேரும் இனிஷியல் வரைக்கும் ஒண்ணா இருக்கான்னு இந்த வாரமே எடுத்து பாருங்க. இல்லன்னா இப்பவே மாத்த குடுத்துடுங்க, அக்டோபர்ல கூட்டம் தாங்காது.